சதுரங்கப்பட்டினத்துப் பீரங்கிகள்

மாமல்லபுரம் போகாத குடும்பம் சென்னையில் உண்டா? ஐந்து ரதங்களைச் சுற்றிப் பார்க்கிறோம். வெண்ணெய் உருண்டைப் பாறையை ஒற்றைக் கையால் தாங்கிப் பிடிப்பது போல் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். சோழி மாலை இரண்டு வாங்கி, கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சவுக்கு நிழலில் தீர்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிடுகிறோம். வண்டியை வடக்கே திருப்பாமல் தெற்கே இன்னும் பதினைந்து கிலோமீட்டர் விட்டால் கல்பாக்கம் வந்துவிடும். "அணுமின் நிலையத்தில் நமக்கென்ன வேலை? உள்ளே விடவா போகிறார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அந்த நகரியத்தை ஒட்டினாற்போல், கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு பழைய செங்கல் கோட்டை நிற்கிறது. அதற்குள் போக யாரும் தடை சொல்வதில்லை.

சதுரங்கப்பட்டினம் என்பது ஊரின் பெயர். வாயில் நுழையாத பெயரை வெள்ளைக்காரர்கள் 'சாத்ராஸ்' என்று சுருக்கிக்கொண்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இங்கே வந்து கடை விரித்தவர்கள் டச்சுக்காரர்கள். அவர்களை இழுத்து வந்தது பொன்னும் அல்ல, மிளகும் அல்ல, துணி! இந்தப் பக்கத்துத் தறிகளில் நெய்த மெல்லிய பருத்தித் துணிக்குக் கடல் கடந்த நாடுகளில் அத்தனை கிராக்கி. புடவைக் கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்ததற்காகக் கோபித்துக்கொள்ளும் கணவர்களிடம் இதைச் சொல்லலாம்: நல்ல துணிக்காகப் பாதி உலகத்தைச் சுற்றிக் கப்பலில் வந்த ஆண்பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள்!

துணிக்கு ஒரு கிடங்கு, கிடங்குக்கு ஒரு மதில், மதிலுக்குப் பீரங்கி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. இன்று கோட்டை வாசலில் இரண்டு பீரங்கிகளை வைத்திருக்கிறார்கள். உள்ளே வளைவுக் கூரை போட்ட கிடங்குகள். ஒரு பக்கம் டச்சுக்காரர்களின் கல்லறைகள். கல்லறைப் பலகைகளில் செய்திருக்கும் செதுக்கு வேலையைப் பார்த்தால், மாக்கோலம் போடுகிறவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிடுவார்கள். அவ்வளவு நுணுக்கம். நாங்கள் போயிருந்தபோது ஒரு பொடியன் பீரங்கி மேல் குதிரை ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தான். "கண்ணு, சுடுது பாரு, இறங்கிடு" என்று அவன் தாயார் கெஞ்சினாள். வெயிலில் இரும்பு உண்மையிலேயே சுட்டுக்கொண்டுதான் இருந்தது. "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்மா. இருநூறு வருஷமா அதும் சும்மாத்தானே கெடக்குது" என்றார் காவல்காரர்.

சும்மாக் கிடந்தவையா இந்தக் கரையின் பீரங்கிகள்? கோவளம், சதுரங்கப்பட்டினம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் என்று, முன்பு ஒரே ஜில்லாவாக இருந்த இந்தப் பகுதிக்குள் அவை அலைந்த அலைச்சலும், கை மாறிய வேடிக்கையும் கொஞ்சநஞ்சமல்ல. கதை சென்னையில் ஆரம்பிக்கிறது.

1746-ல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே கப்பல்களோடு வந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தான். கோட்டையில் இருந்த ஆங்கிலேயரின் பீரங்கிகளும் அவன் வசமாயின. மூன்று வருஷம் கழித்துச் சமாதான உடன்படிக்கைப்படி ஊர் திரும்பி வந்தது. பீரங்கிகள் முழுவதும் திரும்பவில்லை. சூடுபட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1748-ல் லண்டனிலிருந்து ஓர் உத்தரவு போட்டார்கள். சென்னை, கல்கத்தா, பம்பாய் மூன்று இடங்களிலும் முறையான பீரங்கிப் படை ஒவ்வொன்று திரட்டவேண்டும் என்று. பிற்பாடு பரங்கிமலை அடிவாரத்தையே தலைமையிடமாக்கிக்கொண்ட 'மதராஸ் பீரங்கிப் படை' இப்படித்தான் பிறந்தது.

அந்த உத்தரவோடு ஒரு கண்டிப்பான விதியும் வந்தது. இந்தியர், கறுப்பர், கலப்பினத்தார் யாராக இருந்தாலும் வெடிமருந்துச் சாலைக்குள் காலடி வைக்கக் கூடாது. எந்த தேசத்தவரானாலும் சரி, ரோமன் கத்தோலிக்கரும் கூடாது! கத்தோலிக்கப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளும் பீரங்கிக்காரனுக்கு அந்தப் படையில் இடம் கிடையாது. மருந்து தயாரிக்கும் வித்தை நம்மவருக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். மனைவி வழியாகப் பிரெஞ்சுக்காரனுக்கும் போர்த்துக்கீசியனுக்கும் சமாசாரம் போய்விடக் கூடாதாம். வெடியுப்பு, கரி, கந்தகம் இந்த மூன்றும்தான் அந்த மகா ரகசியம். தீபாவளிக்கு நம் வீட்டு வாசலில் வெடிப்பதும் ஏறக்குறைய அதேதான்.

மருந்தைத் தொடக் கூடாதென்றால் பீரங்கியை இழுப்பது யார்? அதற்குமட்டும் நம்மவர் வேண்டும். 24 ராத்தல் குண்டு போடும் பீரங்கி ஒன்று ஏறக்குறைய இரண்டரை டன் இருக்கும். குண்டு ஒரு நல்ல தேங்காய்ப் பருமன். எடை பதினோரு கிலோ. இந்தக் கரையோ முழங்கால் புதையும் மணல், நடுவே உப்பங்கழிகள், மழை பெய்தால் ஏரிக்கரை எல்லாம் சேறு. பீரங்கிகளை மாடுகள் இழுத்தன. மாடு நின்ற இடத்தில் 'லஸ்கர்' என்று பெயர் வைக்கப்பட்ட நம்மூர் ஆட்கள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். எந்தச் சண்டை வர்ணனையிலும் துரைமார் பெயர் வரும். தோள் கொடுத்தவன் பெயர் வராது.

இனி கோவளத்துக்கு வருவோம். அங்கே ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கட்டிய சிறு கோட்டை ஒன்று இருந்தது. 1750-ல் ஒருநாள் கரைக்கு எதிரே ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து நின்று, ஆபத்து ஆபத்து என்று சைகை காட்டியது. "மாலுமிகளில் பாதிப்பேர் சொறிநோயில் செத்துப்போனார்கள். மிச்சப்பேரையாவது கரையில் இறங்கவிட்டுக் காப்பாற்றுங்கள்" என்று மன்றாடினார்கள். கோட்டைக்காரர்கள் மனமிரங்கினார்கள். முப்பது நோயாளிகள், எலும்பும் தோலுமாகத் தள்ளாடிக்கொண்டு இறங்கினார்கள். முகம் வாடிய ஆட்களாகப் பார்த்துப் பொறுக்கி அனுப்பியிருந்தார்கள் என்பதும், சட்டைக்குள் ஆயுதம் இருந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது. இராத்திரி எழுந்து காவலை மடக்கிக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். சோறு போட்ட வீட்டில் இப்படியும் செய்வார்களா என்று கேட்காதீர்கள். அந்த நூற்றாண்டில் எல்லா வெள்ளைக்காரரும் இதைச் சாமர்த்தியம் என்றே சொன்னார்கள்.

1752-ல் அந்தக் கோட்டையை மீட்கக் கிளைவ் புறப்பட்டான். ஆர்க்காட்டில் பெயர் வாங்கிய அதே ராபர்ட் கிளைவ்தான். ஆனால் இந்தத் தடவை அவனுக்குக் கிடைத்த படையைப் பார்க்கவேண்டுமே! லண்டன் தெருக்களில் பிடித்துப்போட்டு அனுப்பிய 200 புது ஆட்கள். புதிதாய்ச் சேர்ந்த 500 சிப்பாய்கள். 24 ராத்தல் பீரங்கி நாலு. கோட்டையிலிருந்து குண்டு வந்து ஒருவன் விழுந்ததும் மற்றவர்கள் எல்லாம் திரும்பி ஓட்டம் பிடித்தார்கள். இன்னொரு குண்டு பாறையில் பட்டுச் சில்லுகள் தெறிக்க, காவலுக்கு நின்ற ஒருவனைக் காணவில்லை. பல மணி நேரம் தேடிய பிறகு அவன் ஒரு கிணற்றின் அடியில் உட்கார்ந்திருந்தான்! எனக்கென்னவோ அந்த ஆள்மேல் இரக்கம்தான். ஊர் பேர் தெரியாத கரையில், யாருக்கோ சொந்தமான கோட்டைக்காகச் சாவானேன் என்று அவன் நினைத்திருந்தால் அதில் என்ன தப்பு?

கிளைவ் அவர்களைத் திட்டவில்லை, அடிக்கவுமில்லை. குண்டு விழும் இடத்தில் தானே போய் நின்றுகொண்டான். மெல்ல மெல்ல அவர்களுக்கும் தைரியம் வந்தது. கோட்டை பணிந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் மதில் மேல் ஏற்றியிருந்தவை போக, பெரும் பீரங்கிகளாகச் சுமார் ஐம்பது கிடந்தன. எல்லாம் 1746-ல் சென்னையில் பறிகொடுத்தவை! களவுபோன பாத்திரங்கள் அடுத்த தெருவில் கிடைத்த மாதிரி.

அடுத்தது செங்கல்பட்டு. ரயிலில் போகிறவர்கள் அந்தக் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தோம் என்று தெரியாமலே பார்த்திருப்பீர்கள். ரயில் பாதையே கோட்டையைக் கிழித்துக்கொண்டுதான் போகிறது. இரண்டு பக்கம் கொளவாய் ஏரி நீரும் சேறும். விஜயநகர நாளில் கட்டினவர்கள் இடம் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். கிளைவ் முதலில் 500 கஜத்திலும், பிறகு 200 கஜத்திலும் பீரங்கி மேடை போட்டுச் சுட்டான். நாலு நாளில் வெளி மதில், உள் மதில் இரண்டிலும் வழி விழுந்தது. பிரெஞ்சுத் தளபதி, தன் ஆட்களை மரியாதையோடு புதுச்சேரிக்குப் போகவிட்டால் போதும் என்று சாவியைக் கொடுத்துவிட்டான். உடம்பு கெட்டுச் சென்னை திரும்பிய கிளைவ், 1753 பிப்ரவரியில் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தில் மார்கரெட் மாஸ்கலினைக் கல்யாணம் செய்துகொண்டு கப்பலேறினான். அவள் கத்தோலிக்கப் பெண் அல்ல. ஆகவே உத்தரவுக்குப் பங்கமில்லை.

1754 ஜனவரியில் இரு தரப்பும் சமாதானம் பேச இடம் தேடியபோது, சண்டையில் சேராத டச்சுக்காரர் ஊர் என்பதால் சதுரங்கப்பட்டினத்தில் கூடினார்கள். அவரவர் கொண்டுவந்த சனதுகளை மற்றவர் பொய்யென்றார்கள். பேச்சு முறிந்தது. டச்சுக்காரர்களுக்குச் சாப்பாட்டுச் செலவுதான் மிச்சமாகியிருக்கும்.

நான் இந்த ஊருக்குப் போனதே 1758 டிசம்பரில் நடந்த ஒரு சம்பவத்துக்காகத்தான். பிரெஞ்சுத் தளபதி லாலி பெரும்படையோடு சென்னையை முற்றுகையிட வந்துவிட்டான். கோட்டைக்குள் பெண்டு பிள்ளைகள் இருந்தால் ஆபத்து என்று, துரைசானிகளையும் குழந்தைகளையும் படகுகளில் ஏற்றி, நடுநிலை ஊராயிற்றே என்று சதுரங்கப்பட்டினத்துக்கு அனுப்பிவைத்தார்கள். டிசம்பர் மாதக் கடல் எப்படி இருக்கும் என்று கரையோரத்தில் வசிப்பவர்களுக்குத் தெரியும். சென்னைத் துறையின் மசூலாப் படகுகளை அந்தக் காலத்தில் ஆணி அடித்துச் செய்ததில்லை. பலகைகளைக் கயிற்றால் தைத்துத்தான் செய்தார்கள். அலை மோதும்போது படகு நெளிந்து கொடுக்கும். உள்ளே தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அறுபது எழுபது கிலோமீட்டர் அப்படிப் பிரயாணம்! கரை வந்து சேர்ந்தபோது பேரிடி காத்திருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்குள் டச்சுக்காரரின் கோட்டையைத் தங்கள் வசமாக்கிக்கொண்டிருந்தார்கள்! ஒளிய வந்த இடமே எதிரி வீடாகிவிட்டது.

பெண்களையும் குழந்தைகளையும் கரையில் நிறுத்தி வைத்துவிட்டு, பிரெஞ்சுக்காரர்கள் படகுகளைப் பறித்துக்கொண்டார்கள். வெடிமருந்துப் பீப்பாய்களையும் மற்றச் சாமான்களையும் ஏற்றி, சென்னை முற்றுகைக்குக் கொண்டுபோகும்படி படகோட்டிகளுக்கே உத்தரவிட்டார்கள். துணைக்குத் துப்பாக்கியும் கையுமாகப் பிரெஞ்சுச் சிப்பாய்கள். எந்தக் கோட்டையிலிருந்து குழந்தைகளை ஏற்றி வந்தார்களோ, அதே கோட்டையை உடைக்க அதே படகில் மருந்து!

படகோட்டிகள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வடக்கே துடுப்புப் போட்டார்கள். தங்களுக்குள் தமிழில் பேசிக்கொண்டார்கள். சிப்பாய்களுக்கு அது விளங்கவில்லை. வழியில் சிப்பாய்கள் கண்ணயர்ந்தார்கள். அந்தக் காலத்துத் துப்பாக்கி, கல்லும் இரும்பும் உரசிப் பொறி பறந்து, கிண்ணத்தில் உள்ள ஒரு சிட்டிகை மருந்தில் பட்டால்தான் வெடிக்கும். மருந்து நனைந்தால் அது வெறும் தடி. படகோட்டிகள் ஓசைப்படாமல் துப்பாக்கிகளின்மேல் கடல் தண்ணீரை ஊற்றினார்கள். பிறகு சிப்பாய்களை அமுக்கிப் பிடித்துக் கட்டினார்கள். படகுகளை நேரே ஆங்கிலேயர் கோட்டைக்குக் கீழே கொண்டுபோய்க் கைதிகளையும், மருந்தையும், சாமான்களையும் ஒப்படைத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். பத்து வருஷத்துக்கு முன்புதான் 'இந்தியன் எவனும் மருந்துச் சாலைக்குள் காலடி வைக்கக் கூடாது' என்று விதி செய்திருந்தார்கள். முற்றுகைக்கு ஆளாகி நின்ற கோட்டைக்கு மருந்தைக் கொண்டுவந்து கொடுத்தவர்களோ சட்டைகூட இல்லாத நம் படகோட்டிகள்! கம்பெனிக்காரர்கள் அந்த மருந்துக்கும் சாமான்களுக்கும் முழு விலையைக் கணக்குப் போட்டு அவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். கொடுத்தது சரிதான். ஆனால் விதியை மாற்றினார்களா? அதுதான் இல்லை.

அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள்? ராஜ விசுவாசம் என்று வெள்ளைக்காரர் எழுதினார்கள். சொந்தப் படகைப் பறித்தவன்மேல் வந்த கோபமாக இருக்கலாம். சென்னைக் கரையில் தங்கள் குடிசையும் குழந்தைகளும் இருந்த நினைப்பாகவும் இருக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. கோட்டையை நோக்கி விழும் குண்டு குப்பத்தில் விழாது என்று யார் உத்தரவாதம் கொடுப்பார்கள்?

அந்த முற்றுகை முழுவதும் செங்கல்பட்டுக் கோட்டை லாலிக்கு முதுகில் குத்திய முள்ளாக இருந்தது. காப்டன் பிரெஸ்டனும், நம் கான்சாகிப் என்கிற யூசுப்கானும் அங்கிருந்து பாய்ந்து பாய்ந்து வந்து பிரெஞ்சுக்காரரின் உணவு வண்டிகளை மறித்தார்கள். 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் கண்ணுக்குத் தெரிந்ததும் லாலி முற்றுகையை விட்டுப் போனான். போகிற அவசரத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட பீரங்கிகளை விட்டுவிட்டான். பீரங்கி மறுபடியும் கை மாறிற்று!

1780-ல் நடந்தது இன்னும் விசித்திரம். காஞ்சிபுரத்துக்கு அருகில் புள்ளலூரில், செப்டம்பர் 10-ந் தேதி, ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையைச் சுற்றி வளைத்தார்கள். மைசூர்க்காரரின் ஏவுகணைகள் பறந்தன. ஆங்கிலேயரின் மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. சில மைல் தொலைவில் பெரும்படையோடு இருந்த மன்றோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. செய்தி கேட்டதும் அவர் தம்முடைய பெரும் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக் கோட்டைக்கு ஓடினார். மாடு இல்லை; இழுக்க ஆள் இல்லை. ஹைதரிடமோ அம்ருத மஹால் மாடுகள். பீரங்கியோடு குதிரைக்கு ஈடாக நடக்கக்கூடியவை. அந்தச் சண்டையில் மாடு ஜெயித்தது என்று சொன்னாலும் பொய்யில்லை.

மறு வருஷம், 1781-ல், டச்சுக்காரரோடும் பகை மூண்டு ஆங்கிலேயர் சதுரங்கப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1782 பிப்ரவரி 17-ந் தேதி கரைக்கு அப்பால் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரேனும் ஆங்கில அட்மிரல் ஹியூஸும் மோதினார்கள். ஹியூஸிடம் ஒன்பது போர்க்கப்பல்கள். சுஃப்ரேனிடம் அதைவிட அதிகம். ஒவ்வொரு கப்பலிலும் டஜன் கணக்கில் பீரங்கி. பொழுது சாயும் வரை முழங்கித் தீர்த்தும் ஒரு கப்பல்கூடப் பிடிபடவில்லை. ஹியூஸ் ஒக்கிடுவதற்காகத் திருகோணமலைக்குப் போனார். எங்கோ ஐரோப்பாவில் உட்கார்ந்து இந்த ஊர்ப் பெயரில் 'சாத்ராஸ் யுத்தம்' என்று எழுதி வைத்துக்கொண்டார்கள்.

தறிகள் என்னவாயின என்று யாரும் அவ்வளவு கவலையாக எழுதவில்லை. ஹைதரின் படையெடுப்பில் இந்த ஜில்லாவின் கிராமங்கள் எரிந்தன, குடிகள் சிதறினார்கள். துணிக்காக வந்தவர்கள் துணிக்கிடங்கைக் காக்கப் பீரங்கி வைத்தார்கள். பீரங்கி நின்றது, துணி போயிற்று. 1824-ல் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி டச்சுக்காரர்கள் இந்தியாவில் தங்களுக்கிருந்த ஊர்கள் எல்லாவற்றையும் ஆங்கிலேயருக்குக் கொடுத்துவிட்டுச் சுமத்ராவோடு திருப்தியடைந்தார்கள். சதுரங்கப்பட்டினமும் அதில் ஒன்று.

மருந்து விதி என்னவாயிற்று? நடுவில் நம்மவரையும் பீரங்கிப் படையில் சேர்த்தார்கள். 1857 வந்தது. கலகத்துக்குப் பிறகு பயந்துபோய் மறுபடியும் கதவைச் சாத்தினார்கள்; மதராஸ் பீரங்கிப் படையையும் ராணியின் படையோடு சேர்த்துவிட்டார்கள். இந்தியர் கையில் விட்டது அநேகமாக மலைப் பீரங்கி ஒன்றுதான். இத்தாலிக்காரர்கள் ஆல்ப்ஸ் மலையில் செய்தது போல், சிறு பீரங்கியைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கோவேறு கழுதை முதுகில் ஏற்றி, மேலே போய்ப் பூட்டிச் சுடுவது. சின்னப் பீரங்கிதானே, இதைக் கொண்டு கோட்டையை உடைக்க முடியாதல்லவா என்கிற கணக்கு! பெரும் பீரங்கி இந்தியர் கைக்கு வர 1935 ஜனவரி 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றுதான் பெங்களூரில் முதல் இந்தியக் களப் பீரங்கிப் படைப்பிரிவு ஆரம்பமாயிற்று. 1748-லிருந்து கணக்குப் போட்டால் நூற்று எண்பத்தேழு வருஷம்.

கோட்டைக்குப் பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம். அதன் முதல் உலை 1983-ல் இயங்கத் தொடங்கியது. இந்திய எஞ்ஜினீயர்களே கட்டி முடித்தது. அங்கேயும் வாசலில் காவல் பலம்தான். அடையாளச் சீட்டைக் காட்டிவிட்டுக் காலையில் உள்ளே போகிறவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். டிபன் டப்பாவும் கையுமாக அவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்குவதைக் கோட்டைப் பக்கம் போகிற வழியில் பார்த்தோம்.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செங்கல்பட்டு வழியாகப் போனால் திருக்கழுக்குன்றத்தில் இறங்கிச் செல்லலாம். அங்கே குடைவரை மண்டபத்துச் சுவரில் பதினேழாம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். சுற்றுலா வந்த இடத்தில் பேர் எழுதுவது நம்மவர் வழக்கம் மட்டும் அல்ல! சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையில் உச்சிவேளைக்கு ஒதுங்க நிழல் குறைவு. குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டையைப் பார்த்துவிட்டு வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்கு நடந்தால், மீன்படகுகளும் வலைகளும் கிடக்கும் மணல்மேடு வரும். மருந்துப் பீப்பாய்களோடு அந்தப் படகுகள் வடக்கே புறப்பட்ட கரை அதுதான்.